சர்வர் பூட் ஆகும் பகுதிக்கு எவ்வளவு இடம் விட்டீர்கள்?

சில வருடங்களுக்கு முன் ஊபுண்டு சர்வர் 18.04 (லினக்ஸ்) போடும்போது, மெஷின் எழும்பத் தேவையான ஃபைல்கள் இருக்கும் /பூட் பகுதிக்கு 256 எம்பி மட்டும் ஒதுக்கினேன். இருந்ததே 120 ஜிபி எஸ்எஸ்டி, மிச்சமெல்லாம் டேட்டாபேஸுக்கு என்று ஒரு கஞ்சத்தனம். நிறுவி முடித்துப் பார்த்தால் முக்கால்வாசி காலி. கணக்கு சரி என்றே நினைத்தேன்.

மறந்தது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் அப்டேட்டை. புதுக் கர்னல் வரும்போதெல்லாம் அதுவும் அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (எழும்பும்போது வேண்டிய டிரைவர்கள் அடங்கிய ஃபைல்) /பூட்டில் வந்து உட்காரும். என் மெஷினில் ஜோடிக்கு 70 எம்பி. பழையது உடனே போய்விடாது. மூன்று ஜோடி தாங்கியது, நான்காவது பாதி எழுதும்போதே இடம் தீர்ந்தது. அப்புறம் எந்தப் பேக்கேஜைத் தொட்டாலும், பேக்கேஜ்களை நிறுவும் ஏப்ட் கருவி முதலில் அந்த அரைகுறைக் கர்னலை முடிக்கப் பார்க்கும், இடமில்லை என்று நிற்கும். பழைய கர்னலை நீக்கச் சொன்னாலும் அதே கதை.

அந்த நிலையில் எந்தக் கர்னலில் எழும்புவது என்று மெனு காட்டும் க்ரப்பையும் புதுப்பித்து ரீபூட் கொடுத்தேன் பாருங்கள், அதற்கு என்னைத்தான் திட்ட வேண்டும். ரூட்டை, அதாவது சிஸ்டம் இருக்கும் முக்கியப் பகுதியை, மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கர்னல் பேனிக், மெஷின் அப்படியே நின்றுவிட்டது. க்ரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பினேன். 'யூநேம் -ஆர்' போட்டு ஓடுவது எது என்று உறுதி செய்துகொண்டு, அதை விட்டுவிட்டு, இருப்பதிலேயே பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸை /ரூட் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். இடம் கிடைத்ததும் ஏப்ட் வேலையை முடித்தது. பிறகு ஆட்டோரிமூவ் கொடுத்து வேண்டாத பழைய கர்னல்களை நீக்கினேன்.

பகுதியைப் பெரிதாக்கலாமே என்பீர்கள். அதை ஒட்டியே மற்ற டேட்டா எல்லாம் இருக்கும் எல்விஎம் பகுதி இருந்தது, ஓடுகிற சர்வரில் அதில் கை வைக்கத் துணிச்சல் இல்லை. இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் 'மாட்யூல்ஸ்' என்பதை 'டெப்' என்று மாற்றினேன், அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும் சேரும், அளவு நன்றாகக் குறைந்தது. ஆனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் பூட் ஆகாமல் போகலாம். இன்னொரு லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் /பூட்டுக்குக் குறைந்தது 1 ஜிபி விடச் சொல்கிறது. நான் இப்போது 2 விடுகிறேன்.

பதில்:
எனக்கு நேர் எதிர். ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை (விஎம்) ஓட்ட உதவும் ஈஎஸ்எக்ஸ்ஐ 6.7க்கு 1 ஜிபி இருந்தாலே போதும் என்பதால் 8 ஜிபி பென்டிரைவில் ஓட்டிக்கொண்டிருந்தேன். 7.0க்குப் போகும்போது, லாக் எல்லாம் பூட் சாதனத்திலேயே எழுதப்படும், பென்டிரைவ் தாங்காது என்று 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். மிச்ச இடத்தில் விஎம்களை வைக்கலாம் என்று ஆசை. பார்த்தால் பாதிக்கு மேல் ஈஎஸ்எக்ஸ்ஐயே எடுத்துக்கொண்டது! நிறுவல் தொடங்கும்போது ஷிஃப்ட்டும் ஓவும் அழுத்தி 'சிஸ்டம்மீடியாசைஸ்=மின்' என்று கொடுத்தால் 32 ஜிபி அளவில் அடங்கும். குறிப்பில் இருந்தது, படிக்காதது நான்தான். மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

பதில்:
என்னுடையது விண்டோஸ் சர்வர். ரேம் 128 ஜிபி, சி டிரைவ் 100 ஜிபி. சர்வர் அடிக்கடி விழுந்ததால் காரணம் தேட முழு மெமரி டம்ப், அதாவது விழும் நேரத்தில் ரேமில் இருந்த எல்லாவற்றின் நகல், வேண்டும் என்றார்கள். அதற்குப் பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்) ரேமைவிடச் சற்றுப் பெரிதாக, விண்டோஸ் இருக்கும் டிரைவிலேயே இருக்க வேண்டும். 100க்குள் 128ஐ எங்கே திணிப்பது? கடைசியில் ரெஜிஸ்ட்ரியில் டெடிகேட்டட் டம்ப் ஃபைல் (டம்ப்புக்கென்றே தனி ஃபைல்) அமைத்து டி டிரைவுக்குத் திருப்பினேன். சி டிரைவ் இன்னும் அதே 100தான்.