முதுநகரில் மாதாந்திர சமய உரையாடல்: மேடை போடாமல் நடத்துவது எப்படி?

முதுநகர்வாசி:
கடலூர் முதுநகரில் கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்று தரப்பு ஆட்களும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஒரு கூட்டம் தொடங்கலாம் என்று யோசனை. பொன்னாடை, கைகோர்த்து போட்டோ, "எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது" வகையறா வேண்டாம். எத்தனை பேர், எப்போது, எதைப் பேசுவது? சொந்த மதத்துக்குள்ளேயே ஒத்துப்போகாதவர்களை (கிறிஸ்தவர்களில் ஆர்.சி. எனும் கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே; முஸ்லிம்களில் சுன்னத் ஜமாஅத், தர்கா வழக்கத்தை ஏற்காத தவ்ஹீத்) என்ன செய்வது?

உப்பளத்தார்:
எட்டு, ஒன்பது பேர் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் பேச்சு சொற்பொழிவாகிவிடும், நாலு பேர் பேச மற்றவர்கள் செல்போன் பார்ப்பார்கள்.

பொதுத் தலைப்பு வைக்காதீர்கள். "அமைதி", "அன்பு" என்று வைத்தால் ஆளுக்கு ஒரு மேற்கோளோடு வந்து ஒப்பித்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பதில் ஒரு தாள். 1990-களில் யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் அறிஞர்கள் தொடங்கிய முறை இது: ஒவ்வொரு மரபிலிருந்தும் பத்து, பதினைந்து வரி எடுத்து, ஒரே தாளில் அச்சடித்து, சேர்ந்து வாசிப்பது. ஒரு பகுதிக்கு 25 நிமிடம். அந்த மரபுக்காரர் இரண்டே நிமிடம் அறிமுகம் சொல்வார், பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். "எங்க மதத்துல இப்படித்தான்" என்ற பேச்சு கூடாது, "நான் புரிந்துகொண்டது இது" என்றே சொல்ல வேண்டும். ஒத்த கருத்துக்கு வருவது நோக்கமே இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி பத்து நிமிடம் தீர்மானம் எழுதுவதில் போய்விடும்.

முதல் தாளுக்கு விருந்து நல்ல தொடக்கம். ஆபிரகாம் மூன்று விருந்தினரை உபசரிக்கும் பகுதி (ஆதியாகமம் 18:1-8), இப்ராஹீம் நபியின் விருந்தினர் (குர்ஆன் 51:24-28), பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார். பைபிளில் விருந்தினர் சாப்பிடுகிறார்கள். குர்ஆனில் அவர்கள் சாப்பிடாததால் இப்ராஹீமுக்கு உள்ளூர அச்சம் வருகிறது. மாறனார், மழை இரவில் வந்த அடியாருக்காக விதைத்த நெல்லையே வயலில் இருந்து வாரி வருகிறார். விருந்தோம்பல் அதிகாரத்தின் 85-வது குறளையும் சேருங்கள். விருந்தோம்புகிறவன் நிலத்துக்கு விதை இட வேண்டுமா என்று வள்ளுவர் கேட்பதும், மாறனார் விதையைப் பெயர்ப்பதும் அடுத்தடுத்து வரும்போது கேள்வி தானாகக் கிளம்பும்.

கெடிலக்கரை:
நல்ல தாள், ஆனால் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, பைபிளிலும் குர்ஆனிலும் விருந்துக்கு வருவது கன்றுக்குட்டி. சைவர்கள் முன்னால் திடீரென்று அந்த வரி வந்தால் அன்றைய பேச்சு முழுக்க அங்கேயே நின்றுவிடும். வரியை வெட்டவும் வேண்டாம், அது நேர்மையில்லை. மூன்று நாள் முன்பே தாளைக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று மொழிபெயர்ப்பு. புராட்டஸ்டன்ட் பழைய பதிப்பில் "ஆதியாகமம்", "கர்த்தர்", "தேவன்". கத்தோலிக்கர் கையில் இருக்கும் பொது மொழிபெயர்ப்பில் "தொடக்கநூல்", "ஆண்டவர்", "கடவுள்". இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடியுங்கள். நீங்கள் கேட்ட உட்பிரிவு உரையாடல் அங்கேயே தொடங்கிவிடும்.

அழைப்பிதழிலும் இதே வம்பு உண்டு. சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) ஆயர் என்றால் சபைப் போதகர், கத்தோலிக்கரிடம் அவர் பிஷப். புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டம் என்பதால் இங்கே கத்தோலிக்கப் பேராயர் ஆர்ச்பிஷப், சி.எஸ்.ஐ. பேராயரோ பிஷப். பதவியைச் சபைப் பெயரோடு எழுதுங்கள்.

சன்மார்க்கம்1867:
நேரம்: ஞாயிறு மாலை 4 முதல் 5.30. காலைத் திருப்பலியும் ஆராதனையும் முடிந்திருக்கும், நவம்பரில்கூட மஃக்ரிபுக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) முன் எழுந்துவிடலாம். அஸர் (பிற்பகல் தொழுகை) மட்டும் பாருங்கள். ஷாஃபி, ஹனஃபி என்ற இரு சட்டப் பிரிவுகளில் ஷாஃபி ஜமாஅத்தில் முடிந்திருக்கும், ஹனஃபியில் நாலரைக்கு மேலும் போகும். 2026-ல் கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ரமலானும் அதை ஒட்டியே தொடங்கியது. அப்படிப்பட்ட மாதத்தில் டீ, பிஸ்கட்டை விட்டுவிடலாம். மற்ற மாதங்களில் சைவம் மட்டும், படைத்த பண்டம் வேண்டாம். பிரசாதத்தை மறுக்க ஒருவரைச் சங்கடப்படுத்துவானேன்?

யாரைக் கேட்பது? பள்ளிவாசலில் இமாமை மட்டும் பிடித்தால் போதாது, முத்தவல்லியும் (பள்ளிவாசல் நிர்வாகி) ஜமாஅத் தலைவரும் தெரிந்திருக்க வேண்டும். கோயில் பக்கம்தான் சிக்கல். அறநிலையத் துறைக் கோயிலில் செயல் அலுவலர் அரசு ஊழியர், பக்தர்களின் பிரதிநிதி ஆகமாட்டார். குருக்களுக்குத் தெருவின் சார்பில் பேச அதிகாரம் கிடையாது. தெரு அம்மன் கோயில் நிர்வாகி ஒருவர், தேவாரமோ பிரபந்தமோ படித்தவர் ஒருவர் என்று எடுங்கள். வள்ளலார் வழியினரை "இந்து" வரிசையில் நீங்களாக உட்கார வைக்காதீர்கள், அவர்களையே கேளுங்கள்.

முதுநகர்வாசி:
மிக்க நன்றி. ஸ்பீக்கர் தகராறு, பழைய வரலாறு கிளம்பினால்?

உப்பளத்தார்:
ஸ்பீக்கரை வாசிப்போடு கலக்காமல் தனிக் கூட்டமாக வையுங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். விதி மூவருக்கும் ஒன்றே என்று தெரிந்தால், எந்தப் பக்கம் குழாயைத் திருப்புவது என்ற அளவுக்குப் பேச்சு சுருங்கும்.

வரலாறு வந்தே தீரும். புதுச்சேரியில் என்றால் 1748. சம்பா கோவில் எனப்படும் கத்தோலிக்கப் பேராலயத்துக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலை ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்கள் இடித்தது ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. "பழசை விடுங்க" என்று வாயை அடைத்தால் அதைக் கிளப்பியவர் அடுத்த மாதம் வரமாட்டார். அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு கத்தோலிக்கர் ஒருவர் தான் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று இவர் ஒப்புக்கொண்ட பிறகே பதில்.

கெடிலக்கரை:
தவ்ஹீத், பெந்தெகொஸ்தே நண்பர்களை விட்டுவிட்டால் ஏற்கெனவே ஒத்துப்போகிறவர்களின் சங்கமாகிவிடும். பொதுப் பிரார்த்தனை இருந்தால் அவர்கள் வரமாட்டார்கள். மௌனமாக ஒரு நிமிடம்கூட வேண்டாம், நேராகத் தாளைப் பிரியுங்கள். கிள்ளையில் மாசி மகத்துக்கு வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகருக்குத் தர்கா தரப்பில் மரியாதை செய்கிற வழக்கத்தை உதாரணமாக இழுக்கவும் வேண்டாம். தர்கா வழக்கத்தையே ஏற்காதவர் எதிரே உட்கார்ந்திருப்பார். சுன்னத், தவ்ஹீத் இரண்டு ஜமாஅத்தாரும் முதலில் தங்களுக்குள் ஒருமுறை குர்ஆனின் 51-ம் அத்தியாயத்தை வாசித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.