முல்லைத்தீவில் வறுமை 12.7 வீதத்திலிருந்து 44.5 வீதமாக ஏறியது உண்மையா? (உதவி தேவை)

துணுக்காய்_பெடியன்:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக மாவட்ட வாரியாக வறுமை பற்றி எழுதுகிறேன். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின அளவீட்டிலிருந்து முல்லைத்தீவுக்கு எடுத்த எண்கள் இவை: 2012/13இல் 28.8 வீதம், 2016இல் 12.7, 2019இல் 44.5. கொழும்பும் 2016க்கும் 2019க்கும் இடையில் 0.9இலிருந்து 2.3க்குப் போயிருக்கிறது. "2016க்குப் பிறகு வன்னியில் என்ன நடந்தது என்று ஒரு அத்தியாயம் எழுது" என்கிறார் மேற்பார்வை செய்யும் சேர். வறட்சி என்று எழுதலாமா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2019 தரவுக்கோப்பில் நானே கணக்குப் போட்டால் நாடு முழுவதற்கும் 12 வீதத்துக்குக் கிட்டத்தான் வருகிறது. அறிக்கையில் 14.3. மாதிரி நிறைகளை (ஒரு வீடு எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்ற எண்) போட்டுத்தான் பார்த்தேன்.

கடைசியாக, மாவட்டத்தின் ஆறு பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கும் தனித்தனி எண் எடுக்கலாமா? துணுக்காய்க்கு ஒரு எண் கட்டாயம் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அந்த அத்தியாயத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். 2016க்கும் 2019க்கும் நடுவில் மாறியது வறுமைக்கோடு.

2016 அறிக்கையில் உள்ள கோடு ஆளுக்கு மாதம் 4,166 ரூபாய். அது 2002இல் 1,423 ரூபாயாக வரையப்பட்ட பழைய கோடு. ஒவ்வொரு முறையும் விலைச் சுட்டெண்ணால் உயர்த்திக்கொண்டே வந்தார்கள். 2019 அறிக்கையில் 2012/13ஆம் ஆண்டின் நுகர்வை அடிப்படையாக வைத்துப் புதுக் கோடு போட்டார்கள். அது 6,966 ரூபாய். 4,166க்கும் 6,966க்கும் இடைவெளி ஏறக்குறைய 67 வீதம். அந்த மூன்று வருடத்தில் விலைவாசி அவ்வளவு ஏறவில்லை. பாஸ் மார்க்கை 35இலிருந்து 55 ஆக்கிவிட்டு, பிள்ளைகள் ஏன் கூடுதலாகப் பெயில் ஆனார்கள் என்று கேட்பது போலத்தான் சேரின் கேள்வி.

முல்லைத்தீவில் மட்டும் ஏன் இவ்வளவு பாய்ச்சல் என்று அடுத்துக் கேட்பார். பழைய கோட்டுக்குச் சற்று மேலே நின்றவர்கள் அங்கே மிக அதிகம்; கோடு உயர்ந்ததும் அவர்கள் கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்கள். கொழும்பில் அந்த இடைவெளியில் ஆட்கள் குறைவு. உண்மையில் அத்தியாயம் எழுதவேண்டிய விடயம் இதுதான், அதுவும் சுவாரசியமானது.

2019க்குள் ஒரு மாவட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் தடையில்லை. கொழும்பு 2.3, முல்லைத்தீவு 44.5, இரண்டும் ஒரே கோட்டால் அளந்தவை.

களப்பணி_அக்கா:
இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். நீங்கள் எண்ணியது குடும்பங்களை. 14.3 என்பது ஆட்களின் வீதம். அதே அறிக்கையில் வறிய குடும்பங்கள் 11.9 வீதம் என்று தனியாக இருக்கும், பாருங்கள். வறிய வீடுகளில் ஆட்கள் அதிகம், அதனால் ஆட்கணக்கு எப்போதும் மேலே நிற்கும். குடும்ப நிறையைக் குடும்பத்தின் ஆள் எண்ணிக்கையால் பெருக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அப்புறம், எந்த நிரலை எடுத்தீர்கள்? வறுமை கணக்கிடுவது வருமானத்தை வைத்து அல்ல, செலவை வைத்து. வருமானத்தைக் குறைத்துச் சொல்லாத வீடு ஊரில் உண்டா? செலவில் வீட்டு நெல்லும் தோட்டத்து மரக்கறியும் பிடித்த மீனும் பணமதிப்பில் சேர வேண்டும். அதை விட்டால் வன்னியில் பாதிப்பேர் பட்டினி என்று வரும். மாவட்டத்துக்கு மாவட்டம் விலைக்கேற்பக் கோடும் மாறும். கொழும்பின் கோடு நாட்டுக் கோட்டைவிட உயரம். 6,966ஐ எல்லா இடத்துக்கும் அப்படியே போடாதீர்கள்.

வடமராட்சி_வாசன்:
பிரிவு வாரியாக எண் வேண்டுமென்றால் இவ்வளவு தலையிடி எதற்கு? பிரதேச செயலகத்தில் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவி பெறுவோர் பட்டியல் இருக்கும். கிராம அலுவலர் பிரிவு வரைக்கும் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை:
வாசன், அந்தப் பட்டியல் உதவி யாருக்குப் போகிறது என்பதைச் சொல்லும், வறுமை எவ்வளவு என்பதைச் சொல்லாது. 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்த அஸ்வெசும 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போட்டு ஆளைத் தெரிகிறது. விண்ணப்பிக்காதவர் அதில் இல்லை, மேன்முறையீட்டில் நிற்பவரும் இல்லை. துணை ஆதாரமாகப் போடலாம், வறுமை வீதம் என்று பெயர் வைக்கக் கூடாது.

அளவீட்டை ஆறாகப் பிரிப்பதும் சரிவராது. நாடு முழுவதும் 2,500 கொத்துகள் (மாதிரிக்குத் தெரிந்தெடுத்த அக்கம்பக்க வீட்டுத் தொகுதிகள்), கொத்துக்கு 10 வீடு, மொத்தம் 25,000. இதில் முல்லைத்தீவுக்கு 400 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கொத்தாக எடுத்ததால் பிழையின் வர்க்கம் இரட்டிக்கிறது என்று கொண்டால் 44.5க்கு இருபக்கமும் 7 புள்ளி தள்ளாட்டம் இருக்கும். ஆறாகப் பிரித்தால் பிரிவுக்கு 67 குடும்பம்கூட முழுதாக வராது, தள்ளாட்டம் 17 புள்ளிக்குக் கிட்ட. துணுக்காய் 28ஆகவும் இருக்கலாம், 61ஆகவும் இருக்கலாம் என்று எழுத வேண்டிவரும்.

களப்பணி_அக்கா:
அதோடு காலமும் இருக்கிறது. அளவீடு பன்னிரண்டு மாதமும் நடக்கும், ஆனால் ஒரு கொத்துக்கு ஒரு மாதத்தில்தான் போவார்கள். சாப்பாட்டுச் செலவை ஒரு வாரம்தான் எழுதுவார்கள். கரைத்துறைப்பற்றில் கடற்கரைக் கொத்து மார்கழியில் விழுந்தால் வாடைக்காற்று, வள்ளம் கரையில் கிடக்கும், குழம்பில் மீன் இராது. அதே வீட்டுக்குச் சித்திரையில் போனால் கதை வேறு. காலபோக வெட்டு முடிந்த கையோடு ஒட்டுசுட்டானுக்குப் போனால் மூட்டை அடுக்கியிருக்கும். மாவட்டம் முழுவதையும் சேர்க்கும்போது இவை ஒன்றையொன்று சமன்செய்யும். ஆறேழு கொத்தில் சமன்செய்யாது.

கணக்குப்பிள்ளை:
பிரிவு எண்ணுக்கு முறையான வழி சிறுபகுதி மதிப்பீடு. அளவீட்டில் செலவுக்கும் வீட்டின் சுவர், கழிப்பறை, படிப்பு, தொழில் போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து, அதே விபரங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள குடிசன மதிப்பீட்டில் அதைப் பொருத்துவது. 2012 குடிசன மதிப்பீட்டையும் 2012/13 அளவீட்டையும் சேர்த்துத் திணைக்களமும் உலக வங்கியும் பிரதேச செயலாளர் பிரிவு வரைபடம் போட்டிருக்கின்றன. துணுக்காய்க்கு எண் அதில் இருக்கும். ஆனால் அது பழைய கோட்டில், பழைய காலத்துக்கு உரியது. 2019 எண்ணுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

துணுக்காய்_பெடியன்:
மிக்க நன்றி அக்கா, அண்ணா. ஆள் எண்ணிக்கையால் பெருக்கி, மாவட்டக் கோடுகளைப் போட்டதும் 14க்கு மேலே வந்துவிட்டது. 2016ஐ 2019ஓடு ஒப்பிட்டே ஆக வேண்டும் என்று சேர் நின்றால் என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
6,966ஐ விலைச் சுட்டெண்ணால் 2016 விலைக்கு இறக்கி, அந்தக் கோட்டை 2016 தரவுக்கோப்பில் போடுங்கள். வருகிற எண் 12.7ஐவிட நல்லாவே கூடும், அதைத்தான் 44.5க்குப் பக்கத்தில் வைக்கலாம். அட்டவணைத் தலைப்பில் "2012/13 அடிப்படைக் கோடு, சொந்தக் கணிப்பு" என்று போடுங்கள். 2012/13க்கு முன்னால் போக முயல வேண்டாம். 2009/10 அளவீடு முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் பக்கம் போகவே இல்லை.

களப்பணி_அக்கா:
தலைப்பில் ஆண்டையும் பெரிதாகப் போடுங்கள் தம்பி. 2019 என்பது பொருளாதார நெருக்கடிக்கு முந்தின கணக்கு. வாசிக்கிறவர் அதை இன்றைய நிலை என்று எடுத்துவிடுவார்.