.308 குழலை மாற்றிப் புதிய தோட்டாவுக்குப் போகத்தான் வேண்டுமா?

தூரக்குறி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இலக்குச் சுடுதலை விளையாட்டாகப் பயின்று வருகிறேன். என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் ரைபிள். குழலின் முறுக்கு (குண்டைச் சுழற்றும் உட்பள்ளங்களின் சுற்று) 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 168 கிரெய்ன் (ஏறத்தாழ 11 கிராம்) எடையுள்ள, வால் பகுதி சரிந்த போட்டிக் குண்டுகள் பொருத்திய தொழிற்சாலைத் தோட்டாக்களைத்தான் சுடுகிறேன். 600 மீட்டர் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. காகிதத்தில் துளைகள் வட்டமாகவும் நெருக்கமாகவும் விழுகின்றன. 900 மீட்டருக்குப் போனால் குறி சிதறுவதோடு, சில துளைகள் நீள்வட்டமாகின்றன. ஒன்றில் குண்டு பக்கவாட்டில் படுத்தபடியே காகிதத்தைக் கிழித்துச் சென்ற தடம் தெளிவாகத் தெரிந்தது. குளிர்ந்த காலை வேளைகளில் இது அதிகம். உடன் சுடுபவர்கள், .308-இன் காலம் முடிந்துவிட்டது, 6.5 கிரீட்மோர் என்ற புதிய தோட்டா வகைக்கு மாறிவிடுங்கள் என்கிறார்கள். புதிய தோட்டாக்களில் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது இது விற்பனையாளர்களின் ஆரவாரம்தானா?

பழையகுழல்

நண்பரே, தோட்டாவின் வயதைப் பழிக்கும் முன் குண்டின் வாலைப் பாருங்கள். முறுக்கு போதாமல் குண்டு தள்ளாடுவதாக இருந்தால் 100 மீட்டரிலேயே துளைகள் நீள்வட்டமாக விழுந்திருக்கும். 600 வரை ஒழுங்காகப் பறந்து 900-இல் கவிழ்கிறது என்றால், குண்டின் வேகம் அங்கே ஒலியின் வேகத்தை நெருங்கிவிட்டது என்று பொருள். நொடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் 168 கிரெய்ன் குண்டு, அந்தத் தொலைவில் ஒலியின் வேகமான நொடிக்கு 340 மீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது காற்றழுத்தம் குண்டின் மீது செயல்படும் இடம் மாறுகிறது. சிறிய ஆட்டம் அடங்காமல் வளர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் வேகம் விரைவாகக் குறைகிறது; உங்கள் காலை நேரச் சிதறலுக்கு இதுவே காரணம்.

புகழ்பெற்ற அந்த 168 கிரெய்ன் வடிவம் முதலில் 300 மீட்டர் போட்டிகளுக்காக உருவாக்கப்பட்டது. அதன் வால் சரிவு ஏறத்தாழ 13 பாகை. ஒலி எல்லையில் அது அடங்கிப் பறப்பதில்லை. அதே வரிசையின் 175 கிரெய்ன் குண்டில் சரிவு 9 பாகை அளவுதான். அமெரிக்கப் படையினரின் நெடுந்தொலைவுத் தோட்டாவான எம்118எல்ஆரில் இந்த 175 கிரெய்ன் குண்டே இருக்கிறது. முதலில் ஒரு பெட்டி 175 வாங்கிச் சுட்டுப் பாருங்கள். குழலை மாற்றுவதைவிடச் செலவு மிகக் குறைவு.

தூரக்குறி

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் 6.5 கிரீட்மோரின் பெயர் வெறும் விளம்பரத்தால் வந்ததா?

வரிப்பள்ளம்

இல்லை, பயன் மெய்யானது; ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் தவறாகவே சொல்கிறார்கள். 140 கிரெய்ன் கிரீட்மோர் குண்டு நொடிக்கு 825 மீட்டர் அளவில் புறப்படுகிறது, உங்கள் .308-ஐவிடப் பெரிய வேகமில்லை. குண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் இருப்பதால் காற்றைக் கிழித்துச் செல்கிறது, வேகத்தை இழப்பது குறைகிறது. ஆகவே 900 மீட்டரிலும் அது ஒலியின் வேகத்துக்கு நன்றாக மேலே இருக்கிறது. பக்கக் காற்றால் விலகுவதும் உங்கள் 168-ஐவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. குண்டும் வெடிமருந்தும் எடை குறைந்தவை என்பதால் பின்னுதையும் குறைவு. அதனால் குண்டு விழுந்த இடத்தைத் தொலைநோக்கியிலேயே காண முடிகிறது. என் கணிப்பில், போட்டியாளர்கள் மாறியதற்கு இந்தப் பின்னுதைதான் காற்றுக் கணக்கைவிடப் பெரிய காரணம்.

ஆனால் இவற்றில் எதுவும் கிரீட்மோர் வெளிவந்த 2007-இல் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1890-களின் ஸ்வீடிஷ் 6.5×55 இதே விட்டமுள்ள நீண்ட குண்டைச் சுட்டது; 1997-இல் வந்த .260 ரெமிங்டன் ஏறத்தாழ இதே திறனைக் கொடுத்தது. கிரீட்மோர் செய்தது வேறு: உறையைச் சற்றுக் குட்டையாக்கி, நீண்ட குண்டைப் பொருத்தினாலும் சாதாரண மேகசினுக்குள் (துப்பாக்கியின் தோட்டாக் கூட்டுக்குள்) அடங்கும்படி அமைத்தார்கள், அறையின் (குழலில் தோட்டா அமரும் இடத்தின்) வாயையும் 8 அங்குல முறுக்கையும் அந்தக் குண்டுக்கென்றே வகுத்தார்கள், நல்ல போட்டித் தோட்டா கடையிலேயே கிடைக்கும்படி செய்தார்கள். கையால் தோட்டா நிரப்பத் தெரிந்தவருக்கு .260 போதும்; பெட்டியில் வாங்கிச் சுடுபவருக்குக் கிரீட்மோர்தான் வசதி.

புதிய பெயர் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு .270 வின்செஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இலிருந்து வழங்கி வரும் தோட்டா. முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்றைய நீண்ட கனக் குண்டுகளை அது நிலையாகச் சுழற்றாது. முறுக்கை மட்டும் மாற்றினால் அதே பெயரில் இரு வகைக் குழல்கள் உலவும். புதிய தோட்டா பழைய துப்பாக்கியில் சிதறும். அதனால்தான் 2021-இல் 6.8 வெஸ்டர்ன் என்ற தனிப் பெயரில், வேகமான முறுக்கோடு வெளியிட்டார்கள். புதிய பெயர்களில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன.

பழையகுழல்

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புதியவை எல்லாம் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரீட்மோருக்கே தாய் உறையான .30 டிசி வந்த சுவடு தெரியாமல் போயிற்று. அதற்குத் துப்பாக்கி வாங்கியவர்கள் இன்று தோட்டாவுக்கு அலைகிறார்கள். தோட்டாவின் தொழில்நுட்பமே உண்மையில் முன்னேறியது என்று நான் ஒப்புக்கொள்வது .277 ஃப்யூரியைத்தான்: அடிப்பகுதி எஃகாலும் மேற்பகுதி பித்தளையாலும் ஆன உறை, சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு அழுத்தம். .308-இன் வரம்பு 62,000. அது படைத்துறைத் தேவைக்கு உருவானது. காகிதத்தில் துளையிட நமக்கு அது வேண்டியதில்லை.

குழலின் ஆயுளையும் கணக்கில் கொள்ளுங்கள். நன்றாகப் பராமரித்த .308 குழல் 5,000 தோட்டாக்களைத் தாண்டியும் குறி காக்கும். கிரீட்மோரில் போட்டித் துல்லியம் 2,500 முதல் 3,000 வரைதான் என்பது பலரின் அனுபவம். ஏறக்குறைய அதே அளவு மருந்து, குறுகிய துளையின் வழியே வெளியேறுவதால் வரும் தேய்மானம் அது.

தூரக்குறி

இப்போது தெளிவாகிறது. 175 கிரெய்னில் தொடங்குகிறேன். பிற்பாடு என் குழல் தேய்ந்த பிறகு கிரீட்மோர் குழல் போட்டுக்கொள்ள இயலுமா, அல்லது முழுத் துப்பாக்கியையும் மாற்ற வேண்டுமா?

வரிப்பள்ளம்

குழல் ஒன்றே போதும். இரு உறைகளின் அடிவிட்டமும் ஒன்றே என்பதால் போல்ட்டும் மேகசினும் அப்படியே பொருந்தும். குழலைப் பொருத்துபவர் அறை அளவுகோலால் போல்ட்டுக்கும் அறையில் அமரும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியைச் சரிபார்த்துத் தரட்டும். அதைக் கண்ணளவில் விடாதீர்கள். அடிவிட்டம் ஒன்றாக இருப்பதாலேயே இரு வகைத் தோட்டாக்களையும் ஒரே பெட்டியில் கலந்து வைக்கக் கூடாது. புதிய குழலின் மேல் தோட்டாவின் பெயரைப் பொறிக்கச் சொல்லிவிடுங்கள்.