எரித்ரிட்டால் பொடியில் குளிர்ச்சி, சிரப்பில் பரல்: எப்படிச் சரிசெய்வது?

முதல்முயற்சி:
மூன்று மாதமாகச் சர்க்கரைக்கு மாற்றாக ஒரு இனிப்புப் பொடி செய்து பார்க்கிறேன், எரித்ரிட்டால் என்ற படிக இனிப்பூட்டியோடு துளி ஸ்டீவியா (இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு). தித்திப்பு சரியாக வந்துவிட்டது. ஆனால் வாயில் போட்டதும் ஜில்லென்று இருக்கிறது, அதில் காய்ச்சிய சிரப் இரண்டே நாளில் அடியில் பரல் பரலாகக் கட்டுகிறது. ஸ்டீவியாவை மாற்றியும் பார்த்தேன், அப்படியேதான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், அவருக்காகத் தொடங்கியது என்பதால் விட மனமில்லை.

படிகம்:
ஸ்டீவியா மேல் தப்பில்லை. எரித்ரிட்டால் கரையும்போது கிராமுக்குச் சுமார் 180 ஜூல் வெப்பத்தை உறிஞ்சும், சாதாரணச் சர்க்கரைக்கு இது 20 கூட வராது, அந்த வெப்பம் உங்கள் நாக்கிலிருந்து போவதால்தான் ஜில்லிப்பு. ஏற்கெனவே கரைந்துவிட்ட பானத்தில் இது தெரியாது. நைசாக அரைத்தால் நறநறப்பு குறையும், ஆனால் வேகமாகக் கரைவதால் குளிர்ச்சி கூடும், பார்த்துக்கொள்ளுங்கள். பரல் கட்டுவதற்குக் காரணம் கரைதிறன்: அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் சர்க்கரை 200 கிராம் வரை கரையும், எரித்ரிட்டால் அதில் பாதிகூடக் கரையாது. எரித்ரிட்டாலில் ஒரு பங்கை மால்டிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டியாக மாற்றினால் இரண்டுமே குறையும்.

நிதானம்:
அப்பாவுக்கு என்றால் மால்டிட்டாலை நான் சொல்லமாட்டேன். அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், கிராமுக்கு 2 கலோரிக்கு மேல், கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறும் போகும். எரித்ரிட்டாலின் அருமையே அது பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு அப்படியே சிறுநீரில் போய்விடுவதுதான், அதைக் கெடுப்பானேன்? அதற்குப் பதில் பாலிடெக்ஸ்ட்ரோஸ் கலந்து பாருங்கள். நார்ச்சத்து வகை, கரையும்போது வெப்பத்தை வெளிவிடும், அதனால் ஜில்லிப்பைத் தணிக்கும், படிகம் உருவாவதையும் தாமதப்படுத்தும். அப்புறம் ஒன்று, 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வில் ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, ஆனாலும் அவருடைய மருத்துவரிடம் கேட்காமல் தினமும் கரண்டி கரண்டியாகக் கொடுக்காதீர்கள்.

முதல்முயற்சி:
இருவருக்கும் நன்றி. சிரப்பை இவ்வளவு கெட்டியாகக் காய்ச்சியதே என் தவறு என்று இப்போது புரிகிறது. தண்ணீரைக் கூட்டி, பாலிடெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து நாளை செய்கிறேன், மருத்துவரையும் பார்க்கிறோம். இடையில் சைலிட்டாலையும் யோசித்தேன், சர்க்கரை அளவுக்கே இனிக்குமே என்று. வீட்டில் நாய் இருக்கிறது, நாய்க்கு அது விஷம் என்று படித்ததும் விட்டுவிட்டேன்.