2016 டெஸ்க்டாப்: ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா? மதர்போர்டு போச்சுன்னு கடையில சொல்றாங்க

செந்தூல் கீதா:

வணக்கம். எங்க வீட்டு டெஸ்க்டாப் 2016-ல வாங்குனது. இன்டெல் ஐ5-6500, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இப்ப மூணு தொல்லை.

காலையில ஆன் பண்ணுனா தேதி 2015-க்குப் போயிடுது. குரோமைத் திறந்தா இணைப்பு பாதுகாப்பானது இல்லைன்னு எச்சரிக்கை வருது, எந்தப் பக்கமும் திறக்க மாட்டேங்குது. தேதியைக் கையால மாத்துனா சரியாயிடும். மறுநாள் காலையில திரும்பவும் அதே கதை. ரெண்டாவது, பயங்கர ஸ்லோ. ஆன் பண்ணிட்டு சோறு வடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. மூணாவது, மத்தியானத்துல மகன் வீடியோ பார்க்கும்போது பட்டுன்னு அணைஞ்சிடுது.

பக்கத்துக் கடையில காட்டினேன். மூடியைக்கூடக் கழட்டலை. மதர்போர்டு போயிடுச்சு, மாத்த 480 வெள்ளி, கூலி தனி, அதுக்குப் புதுசே வாங்கிடுங்க, 2,300-க்கு நல்ல செட் இருக்குன்னார். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சதுன்னு ஸ்கிரீன்லயும் வந்துக்கிட்டே இருக்கு, அதனால அவர் சொல்றது சரிதானோன்னும் தோணுது.

மகன் படிவம் 4, பள்ளி வேலையெல்லாம் கல்வி அமைச்சோட டெலிமா இணையத் தளத்துல. எங்கப்பா கோயில் கமிட்டிச் செயலாளரா இருந்தப்போ அடிச்ச கடிதம், கூட்டக் குறிப்பு எல்லாம் இந்த டிஸ்க்குலதான் கிடக்கு. என்கிட்ட இருக்கிறது 1,500 வெள்ளி. என்ன செய்யலாம்?

பிறை பழனி:

தங்கச்சி, பணத்தை வெளியே எடுக்காதீங்க. நாடி பிடிச்சுப் பார்க்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற ஆளுகிட்டப் போயிருக்கீங்க. நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில போர்டு டெஸ்டிங் லைன்ல வேலை பார்த்து ஓய்வு எடுத்தவன். மூணு கோளாறுக்கும் ஒரே காரணம்னு சொல்றவங்களை நான் சீக்கிரத்துல நம்புறதில்லை. உங்களோடது மூணும் தனித்தனி, அதுல ஒண்ணு அஞ்சு வெள்ளிக்குள்ள முடியும்.

தேதி விஷயம். ராத்திரி படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சை அடைக்கிறீங்கதானே? நம்ம வீடுகள்ல அம்மாமார் போட்ட பழக்கம் அது, நல்ல பழக்கமும்கூட. சுவிட்ச் ஆன்ல இருக்கிற வரைக்கும், கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணியிருந்தாலும் பவர் சப்ளையில இருந்து கொஞ்சம் கரண்ட் போர்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும், கடிகாரம் அதுல ஓடும். சுவர்ல அடைச்சிட்டா, போர்டுல ஒட்டியிருக்கிற காசு அளவு பேட்டரி ஒண்ணுதான் கடிகாரத்துக்குத் துணை. சிஆர்2032, 3 வோல்ட். அது செத்துப் போச்சு. தேதி பழசாப் போனதும், இணையப் பக்கங்களோட பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லைன்னு குரோம் நினைச்சுக்குது. அந்த எச்சரிக்கை அதனாலதான் வருது, வைரஸ் கிடையாது.

பேட்டரி கைக்கடிகாரக் கடையிலகூடக் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒருதரம் அழுத்தி மிச்சக் கரண்டை வெளியேத்திட்டு, பக்கத்து மூடியைக் கழட்டுங்க. பேட்டரி ஓரத்துல சின்னக் கொக்கி ஒண்ணு இருக்கும், அதை நெம்புனா தானா எம்பி வரும். பிளஸ் குறி மேலே பார்த்த மாதிரி புதுசைப் போடுங்க. பயாஸ் செட்டிங் (ஆன் பண்ணுனதும் போர்டு முதல்ல படிக்கிற அமைப்பு) அழிஞ்சிடுமோன்னு பயம் வேண்டாம், பேட்டரி செத்த நாள்ல இருந்து தினம் ராத்திரி அழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.

ஆனா மூடியைத் தொடுறதுக்கு முன்னாடி அப்பாவோட ஃபைலை எல்லாம் ஒரு பென்டிரைவ்ல காப்பி பண்ணுங்க. இன்னைக்கே. அந்த ஹார்ட் டிஸ்க் சுத்த ஆரம்பிச்சு இத்தனை வருஷம் ஆச்சு, எப்ப நிக்கும்னு அதுக்கே தெரியாது. அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, போட்டுப் பாருங்க. நீலமா இருந்தா பரவாயில்லை. மஞ்சளா இருந்தா அந்த டிஸ்க்குல இனிமே புதுசா எதையும் எழுதாதீங்க.

ஸ்லோவுக்குக் காரணமும் பெரும்பாலும் அந்த டிஸ்க்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். ஆன் பண்ண கொஞ்ச நேரத்துக்கு டிஸ்க்னு தலைப்பு இருக்கிற பத்தியில 100 சதவீதம்னு நிக்குதா பாருங்க. நின்னா, ப்ராசஸர் சும்மா உக்காந்து டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஐ5-6500 நாலு கோர் உள்ள சாமான், டெலிமாவுக்கும் வீடியோவுக்கும் இன்னும் தாராளமாப் போதும். 250 ஜிபி பக்கம் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க், பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிள்ல மாட்டுறது) வாங்கி விண்டோஸை அதுல புதுசாப் போடுங்க. 2.5 இன்ச் வகையைக் கேட்டு வாங்குங்க. குச்சி மாதிரி நேரா போர்டுல சொருகுற எம்.2 வகையும் இருக்கு, ஆனா உங்க காலத்துப் போர்டுல பலதுக்கு அந்தத் துளை இருக்காது. விண்டோஸ் லைசன்ஸ் அதே மதர்போர்டைப் பார்த்துத் தானா ஆக்டிவேட் ஆகிக்கும். மதர்போர்டை மாத்தியிருந்தா அந்த லைசன்ஸும் போயிருக்கும், அந்தக் கடைக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். பழைய டிஸ்க்கை அழிக்காம அப்படியே எடுத்து வைங்க.

ரேம் வாங்காதீங்க. ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை வாரிக்கிட்டுப் போறதால 2025 கடைசியில இருந்து ரேம் விலை தறிகெட்டு ஏறிக் கிடக்கு. உங்களுக்கு 8 ஜிபி போதும்.

பட்டுன்னு அணையுறது சூடா இருக்கலாம், பவர் சப்ளையாவும் இருக்கலாம். கம்ப்யூட்டர் எங்க இருக்கு? சாமி மேடைக்குப் பக்கத்துலயா?

செந்தூல் கீதா:

அண்ணே, பார்த்த மாதிரியே சொல்றீங்க! சுவர் சுவிட்சைத் தினம் அடைக்கிறது நான்தான். கம்ப்யூட்டர் ஹால்ல, சாமி மேடைக்குக் கீழே இருக்கிற மேசையில. மூடியைக் கழட்டிப் பார்த்தேன், விசிறி முழுக்கக் கறுப்பா பிசுபிசுன்னு ஒட்டியிருக்கு. அப்பா ஃபைல் எல்லாம் காப்பி எடுத்தாச்சு. டிஸ்க் மஞ்சள்தான் காட்டுது. டாஸ்க் மேனேஜர்ல 100 சதவீதம்.

பிறை பழனி:

சாம்பிராணிப் புகையும் விளக்கு எண்ணெயும் தூசியோட சேர்ந்தா அப்படித்தான் பிசினாப் பிடிக்கும், வெறும் காத்து அடிச்சாப் போகாது. விசிறி சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு பெயின்ட் பிரஷால தட்டுங்க, மிச்சத்தை ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. ப்ராசஸர் மேல இருக்கிற கூலரோட நாலு மூலையிலயும் பிளாஸ்டிக் ஊசி மாதிரி பின் இருக்கும். ஒண்ணொண்ணா மெல்ல அசைச்சுப் பாருங்க. ஒரு மூலை தூக்கியிருந்தாலே போதும், மத்தியானச் சூட்டுல வெப்பம் ஏறி மெஷின் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிடும். கூலரைக் கழட்டுனீங்கன்னா, ப்ராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்துற பழைய பேஸ்டைத் துடைச்சிட்டுப் புதுசு தடவாம மாட்டாதீங்க.

அப்புறம் ஹெச்டபிள்யூமானிட்டர் போட்டு வெப்பத்தைப் பாருங்க. வீடியோ ஓடும்போது 60, 70-ல நின்னா நல்லது. 95-ஐத் தாண்டி 100-ஐத் தொட்டுட்டு அணைஞ்சா சூடுதான். வெப்பம் குறைவா இருக்கும்போதே அணைஞ்சா பவர் சப்ளை மேல சந்தேகப்படலாம். அதை மட்டும் நீங்க திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்குனாலும் உள்ளே கரண்ட் தேங்கி நிக்கும். முழுசா மாத்திடணும்.

மேசையை வேற சுவரோரம் நகர்த்துங்க, சாமி கோவிச்சுக்காது.

கிள்ளான் பள்ளத்தாக்குல இடி இறங்குறது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாச மத்தியானங்கள்ல பிளக்கைப் பிடுங்கிடுங்க. ரூட்டர்ல இருந்து கேபிள் வந்தா அதையும் பிடுங்குங்க. இப்ப வர்றது ஃபைபர்தான், கண்ணாடி இழையில கரண்ட் வராது, ஆனா ரூட்டரோட அடாப்டர் வழியா வந்து கேபிள்ல ஏறலாம். திடீர்னு ஏறுற கரண்டைத் தடுக்கிற சர்ஜ் புரொடெக்டர் போட்டாலும் அது காலத்துக்கும் வராது, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தேய்ஞ்சுக்கிட்டு வரும். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை பார்த்து வாங்குங்க.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது உண்மைதான். ஆனா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நீட்டிச்சிருக்காங்க. மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு, செட்டிங்கை கிளவுட்ல சேமிக்க ஒத்துக்கிட்டா காசு கேக்க மாட்டாங்க. அப்டேட் பக்கத்துலயே அதுக்கான இணைப்பு வரும். இந்த மெஷினை இப்ப ஓட வச்சிட்டு, மிச்சப் பணத்தை அப்படியே வைங்க.

இம்பி பையன்:

பழனி அங்கிள் சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஒத்து வரலை. நான் கேஎல்ல கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற லோயாட் பிளாசாவுல ஒரு கடையில வேலை பார்க்கிறேன். ஐ5 ஆறாவது தலைமுறை அதிகாரபூர்வமா விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லைதான், எட்டாவது தலைமுறையும் டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்புச் சிப்பும் வேணும். ஆனா அந்தச் சோதனையைத் தாண்டிப் போட வழி இருக்கு, நாங்க போட்டுக் கொடுக்கிற மெஷினெல்லாம் நல்லாவே ஓடுது லா. எஸ்எஸ்டி மாத்தும்போதே 11-ஐ ஏத்திடலாமே?

எப்படியும் அக்கா அடுத்து வாங்கப் போனீங்கன்னா, புதுசை விட ஆபீஸ்ல இருந்து வந்த செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப் பாருங்க. செந்தூல்ல எல்ஆர்டி ஏறி ஹங் துவாவுல மோனோரயில் மாறுனா அடுத்த ஸ்டேஷன் இம்பி, அங்கிருந்து நடந்தே வரலாம். கடையில ஐ5, ஐ5-னு மட்டும் கூவுவாங்க, தலைமுறையைச் சொல்ல மாட்டாங்க. கோட்டுக்குப் பின்னாடி வர்ற எண்ணைப் பாருங்க: 8500-ன்னா எட்டாவது, 7500-ன்னா ஏழாவது, அது வேண்டாம். பெட்டியைப் பார்த்தே சொல்லலாம். எச்பி எலிட்டெஸ்க் 800-ல ஜி4-ல இருந்து எடுங்க, ஜி3 கூடாது. டெல் ஆப்டிபிளெக்ஸ்ல 7060 சரி, 7050 கூடாது. பழைய மாடலும் புது மாடலும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலை மட்டும் கிட்டக்கிட்ட சொல்லி பழசைத் தள்ளிவிடுவாங்க.

ரசீதுல மாடல் நம்பர், வாரன்டி எத்தனை மாசம், யார் பொறுப்பு எல்லாம் எழுதி வாங்குங்க. வாயால சொன்ன வாரன்டி வாசலைத் தாண்டாது. தகராறுன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கையைக் கேப்பாங்க. ஆனா கையில ரசீது இருக்கணும்.

பிறை பழனி:

தம்பி, ஓடும், மறுக்கலை. உங்க கடைக்குத் திரும்பி வர்ற ஆளுக்கு நீங்க இருக்கீங்க. தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுக்கலை, வருஷாவருஷம் வர்ற பெரிய பதிப்பு தானா இறங்காது, ஒவ்வொரு தடவையும் யாராவது உக்காந்து கையால ஏத்தணும். கீதா வீட்டுல அதுக்கு யார் இருக்கா? என்னைக் கேட்டா நீட்டிப்புக் காலம் முடிஞ்சதும் இதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு இலவச இயங்குதளத்தைப் போட்டுடலாம். டெலிமா பிரௌசர்ல ஓடுறதுதானே, மகனுக்கு வித்தியாசம் பெருசாத் தெரியாது. மாடல் நம்பர் விஷயம் அருமையாச் சொன்னீங்க, அதை நானே குறிச்சு வச்சிக்கிட்டேன்.

கரும்பலகை டீச்சர்:

கீதா, அப்பாவோட கோப்புகளை இப்பவே திறந்து பாருங்க. அந்தக் காலத்துல நம்ம ஊர்ல நிறையப் பேர் முரசு அஞ்சல்ங்கிற தமிழ் மென்பொருள்ல அடிச்சாங்க, நம்ம மலேசியாவுல முத்து நெடுமாறன் 1985-ல உருவாக்குனது. யூனிகோடுக்கு (இப்ப எல்லாக் கம்ப்யூட்டர்லயும் பொதுவா இருக்கிற எழுத்துக் குறியீட்டு முறை) முந்தின கோப்புன்னா எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்ததும் கன்னாபின்னான்னு லத்தீன் குறிகளாத் தெரியும். ஃபைல் கெட்டுப் போச்சுன்னு அழிச்சிடாதீங்க, எங்க பள்ளி அலுவலகத்துல அப்படி ஒரு பழைய ஆண்டறிக்கையே போயிருக்கும், கடைசி நேரத்துல தடுத்தோம். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு இருக்கும், பழைய டிஸ்க்குல இருந்து அதையும் முழுசாக் காப்பி எடுங்க. வேர்டுல ஒரு கோப்பைத் திறந்து எந்த எழுத்துருப் பெயர் வருதுன்னு பாருங்க. டிஸ்கிங்கிற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு வகைன்னு தெரிஞ்சா யூனிகோடுக்கு மாத்துற கருவிகள் இலவசமாக் கிடைக்குது.

புதுசா அடிக்க எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸ்லயே மொழி அமைப்புல தமிழைச் சேர்த்தா தமிழ்99, அஞ்சல் ரெண்டு விசைப்பலகையும் இருக்கு. மகனுக்குத் தமிழ்99 பழக்குங்க.

செந்தூல் கீதா:

டீச்சர், நீங்க சொன்ன மாதிரியேதான், பாதி ஃபைல்ல புள்ளியும் கோடுமா இருக்கு. ஃபான்ட்ஸ் காப்பி எடுத்துட்டேன். எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை எஸ்எஸ்டி, பேட்டரி, பேஸ்ட் வாங்கப் போறேன். தம்பி, இன்னொரு கேள்வி: பின்னாடி அந்த ஜி4 வாங்குனா என் பழைய மானிட்டர் சேருமா? நீல நிற பிளக், ரெண்டு பக்கமும் திருகு இருக்கு.

இம்பி பையன்:

அது விஜிஏ அக்கா. ஜி4-ல பலதுக்கு டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான் இருக்கும். டிஸ்ப்ளேபோர்ட்டுல இருந்து விஜிஏவுக்கு மாத்துற அடாப்டர் ஒண்ணு சேர்த்துக் கேளுங்க, பேரம் பேசும்போதே கேட்டா சும்மாவே கொடுத்துடுவாங்க. பணம் கட்டுன பிறகு கேட்டா தனி விலை.