மறு: ‘க்யூரிங்’ – உலர்த்தலா, பதமாக்கலா, வேக்காடா?

> திரை அச்சு (ஸ்கிரீன் பிரிண்டிங்) தொழில் தொடங்குவோருக்கான கையேட்டில் ‘க்யூரிங்’ வரும் இடமெல்லாம் ‘உலர்த்தல்’ என்று போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் புரிகிற சொல். மாற்றுக் கருத்து உண்டா?

வணக்கம் ஐயா. உண்டு. க்யூரிங் என்பது அச்சடித்த மையைச் சூடேற்றித் துணியில் நிலைக்கச் செய்வது. மற்றச் சொற்களில் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. புதிதாக இறங்குபவர் போட்ட முதலீடே கரையும் இடம் இது.

பனியன் அச்சில் பரவலாகப் புழங்கும் பிளாஸ்டிசால் மையில் ஆவியாகிப் போக நீர் கிடையாது. பிளாஸ்டிசைசர் என்னும் நெகிழ்வூட்டும் எண்ணெயில் பி.வி.சி. துகள்கள் கலந்திருக்கின்றன, அவ்வளவுதான். சூடேற ஏற, துகள்கள் அந்த எண்ணெயைக் குடித்து உப்பும். 100 டிகிரி செல்சியஸை ஒட்டி மை கூழாகி, தொட்டால் கையில் ஒட்டாது. 160 டிகிரியை ஒட்டித்தான் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே படலமாகும். அந்தச் சூடு மேற்பரப்பில் இருந்தால் போதாது, துணியைப் பிடித்திருக்கும் அடி மை வரை இறங்க வேண்டும். ‘உலர்த்தல்’ என்று படித்தவர் விரலால் தொட்டுப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றதும் மடித்துக் கட்டிவிடுவார். சில சலவைக்குள் அச்சு வெடித்து உரியும்.

ஒரு டி-ஷர்ட்டுக்கு அச்சுக்கூலி 15 ரூபாய், செலவு போகக் கையில் நிற்பது 4 ரூபாய், வாடிக்கையாளர் கொடுத்த சட்டையின் விலை 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சட்டைக்கு ஈடு கட்டினால் 32 சட்டைகளுக்கு மேலான லாபம் போயிற்று.

> கான்கிரீட்டுக்குப் ‘பதமாக்கல்’ என்கிறோமே, அதையே வைக்கலாமே?

அங்கே க்யூரிங் என்பது ஈரத்தைக் காப்பது. இங்கே நடப்பது முழுக்கச் சூட்டின் வேலை. ‘பதமாக்கல்’ என்றால் சூடு என்ற எண்ணமே வராது. ‘கெட்டிப்படுத்தல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் தவறான பக்கம் இழுக்கும். சரியாக முடிந்த அச்சு கெட்டியாக இருக்காது, துணியோடு இழுபட்டுத் திரும்பும்.

என் முன்மொழிவு ‘வேக்காடு’. மை வேக வேண்டும். குறைந்தால் ‘அரைவேக்காடு’, இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மிஞ்சினால் ‘தீய்தல்’. இரண்டு நிறங்களுக்கு இடையே ஃபிளாஷ் அடிப்பதை (சில விநாடி சூடு காட்டுவதை) ‘இடைச்சூடு’ எனலாம். அதில் முதல் நிறத்தைக் கூழ் நிலையோடு நிறுத்துவதுதான் வேலை. முழுதாக வேகவிட்டால் மேலே அடிக்கும் நிறம் அதில் பிடிக்காது. ஆக, இடைச்சூட்டுக்கும் வேக்காட்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

‘உலர்த்தல்’ என்பதை எமல்ஷன் (ஒளிபட்டால் இறுகும் பூச்சு) பூசிய திரைக்கு வைத்துக்கொள்வோம். அங்கே அது பொருத்தமான சொல்.

* * *

மேலே நண்பர் முன்மொழிந்த வேக்காட்டுக்கு என் ஆதரவும் உண்டு. கையேட்டில் சொல்லை மட்டும் தராமல், வெந்ததா என்று பார்க்கும் முறையையும் சேர்க்க வேண்டும்.

ஆறிய அச்சை இரு கையாலும் இழுங்கள். விரிசல் விட்டால் அரைவேக்காடு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் எத்தில் அசிடேட் சில சொட்டு விட்டு வெள்ளைத் துணியை வைத்து அழுத்துங்கள்; நிறம் நன்றாக ஏறினால் வேகவில்லை. கடைசியில் சலவைச் சோதனை. சூடு அளக்கும் லேசர் கன் மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும். அதை நம்பி, சட்டையைச் சூட்டுச் சுரங்கம் வழியே நகர்த்தும் கன்வேயரின் வேகத்தைக் கூட்டுவதுதான் வழக்கமான பிழை.

நீர்மைக்கு (‘வாட்டர் பேஸ்’ மை) உலர்த்தலும் உண்டு, வேக்காடும் உண்டு. நீர் வெளியேறும்வரை அச்சின் சூடு 100 டிகிரியைத் தாண்டாமல் அடம்பிடிக்கும். அதன்பிறகே நிறத்தைத் துணியோடு பிணைக்கும் பைண்டர் வேகத் தொடங்கும். 6 அடிச் சுரங்கம் உள்ள கன்வேயரில் பிளாஸ்டிசாலை நிமிடத்துக்கு 4 அடி வேகத்தில் விட்டால் 90 விநாடி கிடைக்கும். நீர்மைக்கு 3 நிமிடம் தேவையென்றால் வேகம் 2 அடி. மின்கட்டணம் அதே, உருப்படி பாதி. இதைக் கணக்கில் கொள்ளாமல் இரண்டுக்கும் ஒரே விலை சொல்பவர் நட்டப்படுவார். சரியான சூடும் நேரமும் மை நிறுவனத்தின் தாளில் இருக்கும், அதுவே முடிவு.

நேற்று வெந்த அமைப்பில் இன்று வேகாமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. மழைக்காலத்தில் துணியின் ஈரம் சூட்டைத் தின்னும். 43டி மெஷ்ஷில் (சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள திரை வலையில்) வெள்ளை அடித்தால் மைப்படலம் தடிப்பு. மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200க்கு இறங்கினால் ஹீட்டரின் திறன் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. தெர்மோஸ்டாட்டை முழு அளவில் வைத்தாலும் வேண்டிய சூடு எட்டாது.

பாலியெஸ்டருக்கு ஓர் எச்சரிக்கை வரி வேண்டும். சூடு கூடினால் துணிச்சாயம் மைக்குள் ஏறி, சிவப்புச் சட்டையில் அடித்த வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். 130 டிகிரியை ஒட்டி வேகும் மைகளை அதற்கென்றே விற்கிறார்கள். ‘எவ்வளவு வெந்தால் அவ்வளவு நல்லது’ என்று வாசகர் எடுத்துக்கொள்ளாதபடி வரையறையை எழுதுங்கள்.

‘டிரையர்’ (உலர்த்தி) என்ற இயந்திரப் பெயரை அப்படியே விடலாம். கடையில் அப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும்.