230 மி.மீ. தூண் கேட்கும் கட்டடக்கலைஞர்

கேள்வி: சென்னையில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குக் கட்டமைப்புப் பொறியாளராகத் தூண்களையும் உத்திரங்களையும் வடிவமைத்து வருகிறேன். தூண்கள் சுவரைவிட்டுத் துருத்தக் கூடாது என்பதற்காக 230 மி.மீ. அகலமே போதும் என்று கட்டடக்கலைஞர் வற்புறுத்துகிறார். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-இன்படி கணக்கு சரியாக வரும்போது நான் மறுப்பது முறையா?

பதில் 1: முறைதான். சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருப்பதால் நிலநடுக்கம் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான தரநிலை ஐ.எஸ். 13920:2016 பொருந்தும், அதன்படி தூணின் சிறிய பக்கம் 300 மி.மீ. அல்லது உத்திரத்தின் பெரிய கம்பி விட்டத்தைப்போல் 20 மடங்கு, இவற்றில் பெரியதற்குக் குறையக் கூடாது. 20 மி.மீ. கம்பி போட்டால் 400 மி.மீ. ஆகிவிடும்.

பதில் 2: விதியை விடுங்கள், களத்தைப் பாருங்கள். இருபுறமும் கம்பியை மூடும் கான்கிரீட் உறையான கவர் 40 மி.மீ. போனால் எஞ்சும் 150 மி.மீ.க்குள் தூண் கம்பியும் உத்திரக் கம்பியும் நெருக்கியடிக்கும் இணைப்பில், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் எப்படி இறங்கும்?

கேட்டவர்: நன்றி ஐயா. உத்திரத்தில் 16 மி.மீ. கம்பியும், அலமாரி மூலைகளில் மறையும் 325 மி.மீ. தூண்களுமாகத் திருத்திய வரைபடத்தை அனுப்புகிறேன்.